மருமகன் அனுப்பிய எல்.ஈ.டி. லைட்

சாய்ந்தமருது,
புதன்கிழமை, அஸர் தொழுதுவிட்டு எழுதுவது.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மருமகன் பஸால் அவர்களுக்கு, மாமனார் மீராமுகைதீன் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். உங்கள் மாமி ஹாஜறாவுக்குச் சீனி வருத்தம் முன்னரைப் போல் இல்லை. மகள் மர்ஷூதா நன்றாக இருக்கிறாள், நீங்கள் கோல் எடுக்கப் பிந்துகிற நாட்களில் மட்டும் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுகிறாள். எனக்கு மழைக்கு முழங்கால் வலிக்கிறது, வேறு குறையில்லை. நீங்களும் அந்த வெயில் நாட்டில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம். இன்றைய தேதியில் இந்த வீட்டில் சுகமில்லாமல் கிடப்பது நம்முடைய போட் ட்ரெய்லரின் பின்பக்கம் ஒன்றுதான். அதை உங்களுக்கு அறியத் தருவது என் கடமை.

வட்ஸ்அப் இருக்கும்போது மாமா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீங்கள் யோசிக்கலாம். நான் வொய்ஸ் அனுப்பினால் அதை முதலில் கேட்பது உங்கள் மனைவி. லைட்டைப் பற்றி மருமகனிடம் ஒரு வார்த்தை கதைக்கக் கூடாது, அவர் ஆசையாக அனுப்பியது என்று உங்கள் மாமியும் மர்ஷூதாவும் சேர்ந்து எனக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். கோலில் நீங்கள் லைட் எப்படி மாமா என்று கேட்கும்போதெல்லாம் இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதால், மாஷா அல்லாஹ் நல்லம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்துவிட்டது. அடுத்த வீட்டு அப்ராஸ் நாளை மறுநாள் கத்தாருக்குப் பயணம் போகிறான். கடிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டால் வீட்டில் யாருக்கும் தெரிய வராது. ஆகையால் மனதில் உள்ளதை மறைக்காமல் எழுதுகிறேன், மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் கடலை விட்ட பிறகு மற்றவர்களுடைய போட்டுகளை இழுத்துக்கொண்டு திரிவதுதான் என் தொழில் என்பது உங்களுக்குத் தெரியும். ஓட்டை விழுந்த போட்டைக் கரையிலிருந்து பைபர் ஒட்டுகிற இடத்துக்குக் கொண்டுபோவது, ஒட்டி முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய்க் கடலில் இறக்குவது. அதற்கு நம்முடைய பழைய கெப் வண்டியும், அதன் பின்னால் கொளுவுகிற அந்த ட்ரெய்லரும் போதுமாக இருந்தன. ட்ரெய்லரின் பின்னால் இரண்டு பல்புகள் இருந்தன. வலது பக்கத்துப் பல்பு தானாக எரியும். இடது பக்கத்துப் பல்பு கையைப் பொத்தி ஒரு குத்துக் குத்தினால் எரியும். போட்டை இறக்க ட்ரெய்லரைக் கடலுக்குள் விடும்போது, சூடாக இருக்கிற பல்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டு டப்பென்று வெடிக்கும், நான் அடுத்த நாள் புதுப் பல்பு மாட்டுவேன். இப்படியே எனக்கும் பல்புக்கும் சண்டை சச்சரவு இல்லாமல் காலம் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் கோலில் கதைக்க விஷயம் இல்லாமல் போனபோது, சும்மா இருக்கக் கூடாதே என்று இந்தப் பல்பு வெடிக்கிற கதையை உங்களிடம் சொல்லிச் சிரித்தேன். மருமகனோடு கதைக்கிற மாமனார்மார் எல்லோரும் இப்படி ஏதாவது சொல்வதுதான். நீங்கள் சிரிக்கவில்லை. பொறுங்க மாமா, நான் பார்க்கிறேன் என்றீர்கள். அடுத்த கார்கோவில் பெட்டி வந்து இறங்கியது.

பெட்டியை நான் திறக்குமுன் உங்கள் மாமி திறந்துவிட்டாள். சிவப்பு நிறத்தில், கண்ணாடி போல, தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாத இரண்டு லைட். அதைச் சீலையில் துடைத்து, சோக்கேஸில் பீங்கான்களுக்கு நடுவே வைத்து, இந்தத் தெருவில் உள்ள அத்தனை பெண்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். மருமகன் மாமாவுக்கு அனுப்பின லைட்டாம் என்று ஊருக்கே தெரிந்த பிறகு, எனக்குப் பழைய பல்பே போதும் என்று நான் எந்த வாயால் சொல்வது. எப்ப பூட்டப் போறீங்க என்று பள்ளிவாசலில் தொழுகைக்கு ஸப்பில் வரிசையாக நிற்கும்போதுகூட ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

பூட்டுவதற்கு நிஸாமைப் பிடித்தேன். நிஸாம் என்னைக் காக்கா என்று அண்ணன் முறையில் கூப்பிடுகிறவன், கலியாண வீடுகளுக்குச் சோடனை லைட் போடுகிறவன், கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்போது அப்படித்தான் தெரிந்தது. நீங்கள் அனுப்பிய லைட்டில் வயர்கள் மஞ்சள், பச்சை, மண்ணிறம், வெள்ளை என்று விதம் விதமாக இருந்தன. நம்முடைய ட்ரெய்லரில் எல்லா வயரும் பச்சை, ஏனென்றால் ட்ரெய்லருக்குப் பெயின்ட் அடிக்கும்போது வயர்களுக்கும் சேர்த்து அடித்தாயிற்று. நிஸாம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிஸ்மி சொல்லி ஒவ்வொன்றாகக் கொளுவினான். நான் பிரேக்கை மிதித்தேன், இடது சிக்னல் எரிந்தது. இடது சிக்னலைப் போட்டேன், இரண்டு பக்கமும் மங்கலாக, நோன்புக் காலத்து முகம் போல் எரிந்தன. எல்லாவற்றையும் நிறுத்தினேன், அப்போதும் ஒரு பக்கம் எரிந்துகொண்டிருந்தது. எர்த் பிழை என்றான். எர்த் என்றால் என்ன என்று கேட்டேன். மண் என்றான். ட்ரெய்லர் மண்ணில்தானே நிற்கிறது என்று கேட்டேன். டயர் றப்பர், றப்பருக்குள்ளால் கரண்ட் மண்ணுக்குப் போகாது, பெற்றோல் ஏற்றி ஓடுகிற பௌசருக்குப் பின்னால் சங்கிலி தொங்குவதைக் காக்கா கண்டதில்லையா என்று அவன் என்னைத் திருப்பிக் கேட்டான். கண்டிருக்கிறேன். ஆகவே அவன் போக்கில் விட்டுவிட்டேன். கடலுக்குப் போன காலத்து என் நங்கூரச் சங்கிலியை எடுத்து ட்ரெய்லரின் பின்னால் றோட்டில் உரசும்படி தொங்கவிட்டான். பிறகு உப்புத் தண்ணீர் போகாமல் இருக்க, கெப்புக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே கழற்றிப் பூட்டுகிற பிளக்கை ஈயம் வைத்து ஒட்டி, அதற்கு மேல் கறுப்பு டேப்பைக் கல்யாணச் சோடனை போலச் சுற்றிச் சுற்றிக் கட்டிவிட்டான். இனி உலகம் அழிந்தாலும் இது கழலாது காக்கா என்றான். அவன் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மையானது.

மருமகனே, இனிமேல்தான் விஷயம். பெரியநீலாவணையில் செல்லத்தங்கம் என்று ஒரு பெண். புருஷன் போன பிறகு இரண்டு மகன்மாரை வைத்துக்கொண்டு கரையில் தொழில் நடத்துகிறவள், கதைத்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவளுடைய போட் கடந்த மாரியில் கல்லில் மோதிப் பிளந்து, இங்கே சாய்ந்தமருதில் ஒட்டுவதற்குக் கிடந்தது. மாரி முழுக்கத் தொழில் இல்லாமல் இருந்தவள், புதுப் பெயின்ட் அடித்துப் பேரெழுதி, சென்ற வாரம் திங்கட்கிழமை காலை நல்ல நேரத்தில் கடலில் இறக்குவதாக ஐயரிடம் கேட்டு வைத்திருந்தாள். அவர்களுக்கு அந்த நேரம் தப்பக் கூடாது. ஆட்களுக்கெல்லாம் சொல்லி, பொங்கலுக்கு அரிசி போட்டு, கரையில் காத்திருப்பாள். நீங்க வாக்குத் தந்தா வருவீங்க நானா, அதால மத்த ஆக்கள்ட்ட நான் கேக்கல்ல என்று அண்ணன் முறை வைத்து என்னிடம் சொல்லியிருந்தாள். அப்படிச் சொன்னவளிடம் பிந்திப் போவதற்கு யாருக்கு மனம் வரும்.

அன்று காலை தூறலும் இருட்டுமாக இருந்தது. பயமில்லை, லைட் இருக்கிறது என்று நினைத்துப் போட்டைக் கட்டி ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். தன் வேலையைத் தானே பார்க்க வேண்டுமென்று நிஸாமும் பக்கத்தில் ஏறிக்கொண்டான். சந்தை தாண்டியதும் ஒரு பஸ் நின்றது. அதை விலத்தி முந்திப் போக வலது சிக்னலைப் போட்டேன். பஸ்ஸை விலத்தினேன். சிக்னலை நிறுத்தினேன். அது நிற்கவில்லை. நிற்காதது மட்டுமில்லை, மணிக்கூட்டைத் தேள் கொட்டியது போல டிக்டிக்டிக்டிக் என்று உள்ளே அடிக்க, பின்னால் லைட் அதே வேகத்தில் துடித்தது. உங்கள் லைட்டின் வெளிச்சத்தைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். பட்டப்பகலில் வந்து கண்ணைக் குத்துகிற வெளிச்சம் அது. இந்தா இவன் வலது பக்கம் திரும்பப் போகிறான், இந்தா திரும்பப் போகிறான் என்று எண்ணிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்த ஒரு வாகனமும் என்னை விலத்தத் துணியவில்லை. முதலில் ஒரு வேன். பிறகு நான் விலத்தி வந்த அதே பஸ். அதன் பின்னால் சவளக்கடைப் பக்கமிருந்து நெல் ஏற்றி வந்த லொறி, அதன் பின்னால் ஓட்டோக்கள், மோட்டார் சைக்கிள்கள். நான் மெதுவாகப் போனால் அவர்களும் மெதுவாக வந்தார்கள். நான் ஓரமாக நிறுத்தினால், திரும்ப இடம் எடுக்கிறேன் என்று நினைத்து அவர்களும் நின்றார்கள். எஞ்சினை நிறுத்திப் பார்த்தேன், அப்போதும் துடித்தது. வயரை அறுத்துவிடலாம் என்று நிஸாம் சொன்னான். மருமகன் தந்த வயரை மாமனார் நடுறோட்டில் அறுத்தார் என்று ஒரு பேச்சு வருவதற்கு நான் சம்மதிக்கவில்லை.

இப்படியே கல்முனைக்குடிக்கு வந்தபோது என் பின்னால் பெரிய ஊர்வலம் சேர்ந்துவிட்டது. முன்னால் போட், அதன் கீழே தீப்பொறி பறக்க நங்கூரச் சங்கிலி றோட்டில் இழுபடுகிற சத்தம், சிவப்பு லைட், பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வாகனங்களும் ஹோர்ன் சத்தமும். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஒருவர் கை காட்டினார், மரியாதைக்கு நானும் காட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கை காட்டத் தொடங்கிவிட்டார்கள். கல்முனைச் சந்தியில் ஒரு வயதாளி ஓடிவந்து, போட் இம்முறை எந்தக் கட்சியின் சின்னம் என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன், நம்முடையதுதான் ஹாஜியார் என்று நிஸாம் சொல்லிவிட்டான். பாண்டிருப்பு தாண்டும்போது மோட்டார் சைக்கிள்களில் சில பொடியன்மார் முன்னுக்கு வந்து வழி விலக்கிக் கொடுக்கத் தொடங்கினார்கள். யாருக்காக என்று அவர்களுக்கும் தெரியாது.

மருதமுனையில் போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கின நிஸாமை அதற்குப் பிறகு நான் காணவில்லை. பொலிஸ்காரர் சிங்களவர், நிதானமாகத் தமிழ் கதைக்கிறவர். என்னைச் சுற்றி வந்து, லைட்டைப் பார்த்து, பின்னால் நிற்கிற வரிசையைப் பார்த்து, திரும்பி என்னிடம் வந்தார்.

“ஐயா எந்தப் பக்கம் திரும்புறது?” என்றார்.

“ஒரு பக்கமும் திரும்பல்ல சேர். நேராத்தான் போறன்.”

“லைட் திரும்பச் சொல்லுது.”

“லைட்டுக்குச் சொல்லிப் பாத்துட்டன் சேர், அது கேக்குதில்ல.”

“அப்ப நீங்க லைட்டுக்குக் கேளுங்க. இந்தச் சனம் எல்லாம் போகணும்” என்று சொல்லிவிட்டு, எதிரே வந்த வாகனங்களையெல்லாம் கையைக் காட்டி நிறுத்தி, ஒரு மந்திரிக்கு வழி விடுவது போல எனக்கு வழி விட்டார். அவர் செய்ததில் பிழை இல்லை. மரியாதையாகவும் செய்தார். அவ்வளவு பேர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வேறு வழி இல்லை. வலது பக்கம் தெரிந்த, சந்து மாதிரியான ஒழுங்கைக்குள் திருப்பினேன். திருப்பிய பிறகுதான் அது எந்த ஒழுங்கை என்று கண்டேன். மருமகனே, அது நீங்கள் பிறந்து வளர்ந்த ஒழுங்கை.

உங்கள் தாயார் சல்மா உம்மாவுக்கும் எனக்கும் நீங்கள் கடைசியாக லீவில் வந்த பெருநாளிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை என்பதை நான் உங்களுக்கு எழுதத் தேவையில்லை. பெருநாள் தொழுதுவிட்டு வந்து நீங்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டது, அங்கே அவர் இறைச்சி ஆக்கி வைத்துக்கொண்டு நடுப்பகல் லுஹர் வரை வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தது, என் மகனை மீராமுகைதீன் நங்கூரம் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார் என்று அவர் யாரிடமோ சொன்னது, நான் கயிற்றை நீளமாகத்தான் விட்டிருக்கிறேன், மருதமுனைப் பக்கம் நீரோட்டம் இல்லாவிட்டால் நான் என்ன செய்ய என்று இங்கிருந்து சொல்லி அனுப்பியது எல்லாம் உங்களுக்குத் தெரியும். நம்முடைய ஊர் வழக்கத்தில் மருமகன் பெண் வீட்டில் இருப்பது யாரும் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை, இதில் நான் சொன்னதுதான் சரி என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு உங்களுக்குக் கம்பனி லீவு தருவதில்லை. நோன்புக்கு வருகிறேன் என்றீர்கள், வரவில்லை. ஹஜ்ஜுக்கு என்றீர்கள், வரவில்லை. வந்து இறங்கினால் முதலில் எந்த வாசலில் செருப்பைக் கழற்றுவது என்று தெரியாத ஒரு ஆளுக்கு எந்தக் கம்பனியும் லீவு தராது என்பது எனக்கு விளங்காமல் இல்லை. மர்ஷூதா உங்கள் சேர்ட்டுகளை எடுத்துத் தோய்த்துக் காயவைத்து மடித்து வைக்கிறாள், ஒரு தரமும் உடுக்காத சேர்ட்டுகள்.

ஆகவே அந்த ஒழுங்கையில் நான் நிற்க விரும்பவில்லை. யாரும் காணுமுன் பின்னுக்கு எடுத்துவிடலாம் என்று றிவர்ஸ் போட்டேன். ட்ரெய்லரோடு றிவர்ஸ் எடுப்பது உங்களுக்குத் தெரியும், நாம் ஸ்டியரிங்கை இடது பக்கம் உடைத்தால் அது வலது பக்கம் போகும். முன்னால் கெப் ஒரு மதிலில் முட்டியது. பின்னால் தறிக்கு நூல் ஏற்றுவதற்காகத் திறந்து கிடந்த ஒரு கேற்றுக்குள் ட்ரெய்லர் பாதி உடம்போடு போய் இறுகியது. முன்னுக்கும் ஏலாது, பின்னுக்கும் ஏலாது. உள்ளே தறி அடிக்கிற சத்தம் நின்றது. உங்கள் லைட் இரண்டும் உங்கள் உம்மாவின் முற்றத்தில் நின்று துடித்துக்கொண்டிருந்தன.

சல்மா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். முற்றத்துக்குள் வந்து நிற்கிற போட்டின் பின்பக்கத்தைப் பார்த்தார், மதிலுக்கும் கெப்புக்கும் நடுவே கதவைத் திறக்க முடியாமல் யன்னலால் இறங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

“காக்கா, சமாதானம் கதைக்க வாறெண்டா ஒரு சொல்லு சொல்லிட்டு வாற” என்றார் அவர். “போட்டையும் கூட்டிட்டு வரத் தேவல்ல.”

பொலிஸ்காரர் திருப்பிவிட்டதால் வந்தேன், இல்லாவிட்டால் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்வதா. “ஓம் தங்கச்சி, கதைக்கத்தான் வந்த” என்றேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். அந்தப் பொய்யை என் வாயில் வைத்தது உங்கள் லைட்.

உள்ளே கூட்டிப்போய் இருத்தி, தேத்தண்ணியும் தின்ன இனிப்புத் தொதலும் தந்தார். என் போன் அடித்துக்கொண்டே இருந்தது, செல்லத்தங்கம். எடுத்து, மருதமுனையில் நிற்கிறேன், இப்போது வருகிறேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அடித்தது, அதே பதிலைச் சொன்னேன். நடுவில் சல்மா உம்மா கதையைத் தொடங்கினார். அவர் சண்டை பிடிப்பார் என்றுதான் நான் இருந்தேன், அதற்கான பதில்கள் எல்லாம் பெருநாளிலிருந்தே என்னிடம் தயாராக இருந்தன. அவர் சண்டை பிடிக்கவில்லை.

“அவன் ஒங்கட ஊட்டுலயே இரிக்கட்டும், நான் வேணாமெண்டு சொல்லல்ல” என்றார். “வாற அண்டைக்கி முதல்ல எனக்கிட்ட வந்து மூஞ்சக் காட்டிட்டு, ஒரு வாய் சோறு திண்டுட்டுப் போகட்டும். அவன் வாறானெண்டு பக்கத்து ஊட்டாள் சொல்லித்தான் நான் அறியிற. போன முறையும் அப்பிடித்தான்.”

தயாராக வைத்திருந்த பதில்களில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. வருகிற அன்று விமான நிலையத்திலிருந்து நேராக இங்கேதான், சாப்பிட்டு முடிந்த பிறகுதான் சாய்ந்தமருது, நானே கூட்டிவருவேன் என்றேன். வெள்ளிக்கிழமைகளில் பகல் சாப்பாடும் இங்கே என்று அவர் சேர்த்துக்கொண்டார். ஒன்றுவிட்ட வெள்ளி என்று நான் குறைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. அப்படியானால் மர்ஷூதாவும் கூட வர வேண்டும் என்றேன். அது கேட்க வேண்டிய விஷயமா, அவள் இல்லாமல் யாருக்கு ஆக்குகிறேன் என்றார். இவ்வளவுதான் நடந்தது. இத்தனை மாதமும் எத்தனையோ பேரைத் தூது அனுப்பி முடியாமல் கிடந்த விஷயம், ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுமுன் முடிந்துவிட்டது. எனக்கு அதை நினைக்க இன்னும் கோபம் வருகிறது.

அப்போது வாசலில் ஓட்டோ வந்து நின்றது. செல்லத்தங்கமும் மகன்மாரும் இறங்கினார்கள். பட்டுச் சீலை உடுத்து, பூ வைத்து, கையில் தேங்காயோடு வந்த அந்தப் பெண், தன்னுடைய புதுப் போட் ஒரு முஸ்லிம் வீட்டுக் கேற்றுக்குள் இறுகிக் கிடப்பதைப் பார்த்து, தேங்காயை ஒரு மகனிடம் கொடுத்துவிட்டு என் முன்னால் வந்தாள்.

“நேரம் போயிற்று நானா” என்றாள். “மாரி முழுக்கப் பிள்ளையள் சும்மா இருந்ததுகள். இண்டைக்கு எண்டு சொல்லித்தான் நான் அதுகளைச் சமாளிச்சு வெச்சிருந்தன்.”

நான் லைட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். சல்மா உம்மா என்னைக் கதைக்க விடவில்லை. அவளுக்கு ஒரு கதிரையைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, இனி நல்ல நேரம் எப்போது என்று கேட்டார். மூத்த மகன் போனில் பார்த்து, பின்னேரம் ஒரு நேரம் இருக்கிறது, ஆனால் இதை இழுத்து எடுத்துப் பெரியநீலாவணைக்குக் கொண்டுபோக அதுவும் தப்பிவிடும் என்றான்.

“ஏன் அங்க கொண்டு போற?” என்றார் சல்மா உம்மா. “இந்த ஒழுங்கை முடியிற இடம் கடல்தானே. இஞ்சயே இறக்கி ஓட்டிட்டுப் போங்க. கடல் ஒண்டுதானே மகள்.”

செல்லத்தங்கம் அவரைப் பார்த்தாள். பிறகு எழும்பிச் சீலையைச் செருகினாள். அதற்குப் பிறகு வேலை நடந்தது. தறியிலிருந்த ஆண்கள், பக்கத்து வீட்டார், என்னை ஊர்வலமாகக் கூட்டிவந்து பொலிஸைக் கண்டதும் ஒளித்து நின்ற மோட்டார் சைக்கிள் பொடியன்மார் எல்லோரும் சேர்ந்து, ஏலேலோ போட்டு ட்ரெய்லரின் பின்பக்கத்தைத் தூக்கி ஒழுங்கைக்குள் வைத்தார்கள். கேற் தூண் ஒன்று சாய்ந்தது, சல்மா உம்மா அதைப் பார்க்காதது போல் நின்றார். சங்கிலியைச் செல்லத்தங்கத்தின் மகன் கழற்றி எறிந்துவிட்டான், அதனால் ஒரு வித்தியாசமும் ஏற்படவில்லை. கரையில் திருப்பி, ட்ரெய்லரைப் பின்பக்கமாகக் கடலுக்குள் விட்டேன். இவ்வளவு காலமும் அந்த இடத்தில் நான் டப்பென்ற சத்தத்துக்குக் காத்திருப்பது பழக்கம். சத்தம் வரவில்லை. லைட் இரண்டும் தண்ணீருக்கு அடியில் போயும் எரிந்தன. தூறலில் கலங்கின கடலுக்குள் சிவப்பு வெளிச்சம் பரவி, அலை வரும்போது பெரிதாகி, போகும்போது சிறிதாகி, கரையில் நின்ற அவ்வளவு பேரும் கதையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். செல்லத்தங்கம் தேங்காய் உடைத்தாள். போட் மிதந்தது. மகன்மார் ஏறி எஞ்சினைப் பிடித்தார்கள். சல்மா உம்மா பக்கத்தில் நின்ற பெண்ணிடம், “அது என்ட மகன் அனுப்பின லைட்” என்று சொன்னது எனக்குக் கேட்டது. முக்காட்டால் கண்ணையும் துடைத்தார். கடற்காற்றாக இருக்கும்.

இதெல்லாம் நல்ல முடிவுதானே, பிறகு ஏன் மாமா இவ்வளவு சினந்து எழுதுகிறார் என்று நீங்கள் கேட்கக் கூடாது. ட்ரெய்லரைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்ததும் லைட் எல்லாம் சரியாகிவிட்டது. வலது என்றால் வலது, இடது என்றால் இடது, பிரேக் என்றால் பிரேக். நான் அல்லாஹ்வுக்கு ஷுக்ர், நன்றி என்று சொல்லிக்கொண்டு வீடு வந்தேன். நிஸாம் எனக்கு முன்னரே வந்து தெருவில் நின்று, தான் சொன்ன எர்த் இப்போதுதான் பிடித்திருக்கிறது என்று ஆட்களுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான். அடுத்த நாள் காலை வெயிலில் ட்ரெய்லர் காய்ந்தது. திரும்பவும் டிக்டிக்டிக்டிக். உப்புத் தண்ணீர் பட்டிருந்தால்தான் அது ஒழுங்காக எரிகிறது, காய்ந்தால் புத்தி மாறிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு முறை ஹயர் போகுமுன்னும் நான் கடற்கரைக்குப் போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க, உங்கள் மாமி அதன் பின்பக்கத்தைக் கழுவிவிடுகிறாள். இந்த வயதில், இந்த முழங்காலோடு, கடல் தண்ணீர் சுமந்து தொழுகைக்குக் கை கால் கழுவுவது போல லைட்டுக்கு வுழூச் செய்து கொடுக்கிற மனிதன் இந்தக் கரையில் நான் ஒருவன்தான். போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். உங்கள் மாமி அவர்களிடம், இது வெளிநாட்டுச் சாமான், இப்படித்தான் பராமரிக்க வேண்டும் என்று சொல்கிறாள்.

இன்று காலை அதற்கு ஒரு முடிவு கட்டினேன். பெண்கள் இருவரும் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து லைட் இரண்டையும் கழற்றி, துடைத்து, நீங்கள் அனுப்பிய அதே பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டேன். இதோடு அப்ராஸ் கையில் அதையும் அனுப்புகிறேன். அங்கே அதற்குத் தகுந்த ட்ரெய்லர்கள் இருக்கும். எனக்கு என் பழைய பல்பும் ஒரு குத்தும் போதும். தயவுசெய்து இனி எனக்கு எரிகிற சாமான் ஒன்றும் அனுப்ப வேண்டாம். நான் கோலில் ஏதாவது குறை சொன்னால், அது சும்மா சொல்வது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மற்றும் விசேஷம் இல்லை. தொழுகையை விட வேண்டாம், வெயிலில் வெறுந்தலையோடு நிற்க வேண்டாம், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்கள் வாழ்வாதாரமான ரிஸ்க்கில் பரக்கத்தும், உடம்பில் ஆபியத்தும் சுகமும், எங்கள் மீது உங்களுக்குள்ள அன்பில் குறைவில்லாமையும் இறைவன் தருவானாக. உங்கள் அறையில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
மீராமுகைதீன்.

பி.கு.: கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டப் போகும்போது மர்ஷூதா ஓடிவந்தாள். உங்கள் உம்மா எல்லாவற்றையும் உங்களுக்குச் சொல்லிவிட்டாராம், கம்பனி லீவு தந்துவிட்டதாம், வெள்ளிக்கிழமை ப்ளைட்டாம். உங்கள் உம்மாவோடு சேர்த்து மூன்று பெண்களும் இப்போது வீடியோ கோலில் உங்களுக்கு என்ன ஆக்குவது என்று பிரித்துக்கொண்டிருக்கிறார்கள், என்னை யாரும் கவனிக்கவில்லை. வந்ததும் நீங்கள் முதலில் ட்ரெய்லரைத்தான் பார்ப்பீர்கள் என்று மர்ஷூதா சொல்கிறாள். ஆகவே பெட்டியை அவிழ்த்துவிட்டேன், நிஸாமைக் கூட்டிவர ஆள் போயிருக்கிறது. நீங்கள் இங்கே வருகிற விமானமும் அப்ராஸ் அங்கே போகிற விமானமும் ஒரே நாளில் என்றபடியால், இந்தக் கடிதம் உங்கள் அறையில் கிடந்து, நீங்கள் லீவு முடிந்து திரும்பிப் போன பிறகுதான் உங்கள் கைக்கு வரும். கிழிக்க நினைத்தேன், இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. இங்கே நீங்கள் நேரில் கேட்கும்போது லைட் நல்லம் மருமகன், இப்படி ஒரு லைட்டை நான் கண்டதில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அதையும் நம்புங்கள்.